சாலையோரக் கல்லை வாசிப்பது எப்படி? நடுகல், சுமைதாங்கி, மைல்கல்: புதிதாகத் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

தொல்லியல் துறையின் நீலப் பலகை தெரிந்தால் வண்டியை ஓரங்கட்டிப் பார்ப்போம். பலகை இல்லாவிட்டால் கடந்துபோய்விடுவோம். பலகைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மண்ணில் கல் நட்டிருக்கிறார்கள். மாடு மீட்கப் போய் மாண்டவனுக்கு, புலியோடு கட்டிப் புரண்டவனுக்கு, பிள்ளைப்பேற்றில் போன பெண்ணுக்கு, ஏன், சண்டைச் சேவலுக்கும்கூட ஊர்க்காரர்கள் கல் நிறுத்தினார்கள். அவற்றில் பல இன்றும் புளியமரத்தடியிலும் ஏரிக்கரையிலும் டீக்கடைக்குப் பின்புறமும் நின்றுகொண்டிருக்கின்றன.

கல்வெட்டுப் படிப்பு இல்லாத ஒருவர், கைபேசியும் ஒரு நோட்டும் வைத்துக்கொண்டு இவற்றைக் கண்டுபிடிக்கலாம், வகை பிரிக்கலாம், ஒழுங்காகப் பதிவும் செய்யலாம். எழுத்தைப் படிப்பது அதில் பின்னால் வரும் பாடம். கல் எங்கே நிற்கிறது, ஊர் அதை என்ன சொல்லிக் கூப்பிடுகிறது, இந்த இரண்டும் முதலில். எழுத்தைத் தேடி நேரே ஓடுகிறவர்கள் பாதிச் செய்தியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள் என்பது என் கட்சி.

## படி 1: எங்கே தேடுவது

நாலுவழிச் சாலையில் தேடிப் பயனில்லை. அது ஊரைத் தவிர்த்துப் போவதற்கென்றே போட்டது. பழைய பாதையைப் பிடியுங்கள்: சந்தைக்குப் போன வண்டித்தடம், ஏரிக்கரை மேல் போகும் மண்பாதை, இரண்டு ஊர் எல்லை சந்திக்கும் இடம், கணவாய் ஏறும் முன் உள்ள அடிவாரம்.

பேருந்து நிறுத்தப் பெயர்களைக் காதில் வாங்குங்கள். சுங்கம், சாவடி, சத்திரம், தண்ணீர்ப்பந்தல் என்ற பெயர்கள் எல்லாம் பழைய வழியின் தடயங்கள். சென்னை–பெங்களூரு சாலையில் காவேரிப்பாக்கத்தை ஒட்டிச் சுமைதாங்கி என்றே ஓர் ஊர் உண்டு. பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தை ஒரு பார்வை கேட்டுப் பாருங்கள். எந்தப் பாதை புதிது, எது பழையது என்று அதில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நடுகற்களுக்கென்று மாவட்டம் சொல்லச் சொன்னால் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மூன்றையும் முதலில் சொல்வேன். கால்நடைதான் சொத்தாக இருந்த மேய்ச்சல் நிலம் அது. மாட்டைக் கவர்வதும் மீட்பதும் ஓயாமல் நடந்ததால் கல்லும் ஓயாமல் எழுந்தது. அந்தப் பக்கம் போக முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். சுமைதாங்கியும் பழைய மைல்கல்லும் கிட்டத்தட்ட எல்லா மாவட்டத்திலும் கிடைக்கும்.

## படி 2: பையில் என்ன இருக்க வேண்டும்

அளவுநாடா, நோட்டு, பென்சில், தண்ணீர் பாட்டில், மென்மையான பிரஷ், டார்ச். ஒரு குடையும் வேண்டும். மழைக்காக அல்ல, உச்சி வெயிலில் கல்மேல் நிழல் பிடிக்க. கும்பிடும் கல்லாக இருக்கக்கூடும் என்பதால் கற்பூரமும் நாலு வாழைப்பழமும் வைத்துக்கொள்ளுங்கள். கம்பிப் பிரஷ், சுத்தியல், ஆசிட் எதுவும் பைக்குள் வரக் கூடாது.

## படி 3: முதலில் ஊரைக் கேளுங்கள்

ஊருக்குள் நுழைந்து கேமராவை எடுத்தீர்களானால் இரண்டு சந்தேகம் வரும். நிலம் அளக்க வந்த ஆள், அல்லது புதையல் தேடும் ஆள். இரண்டாவது சந்தேகம் வீண் அல்ல. நடுகல்லுக்கு அடியில் தங்கம் இருக்கிறது என்ற பேச்சை நம்பி ராத்திரியில் கல்லைப் பெயர்த்துப் போட்டவர்கள் உண்டு.

அதனால் டீக்கடையில் உட்கார்ந்து பேச்சைத் தொடங்குவது நல்லது. “ஐயா, இந்தக் கல்வெட்டு எத்தனாம் நூற்றாண்டு?” என்று கேட்டால் பதில் வராது. “ஐயா, அந்தச் சாமிக்கு என்ன பேரு? யாரு பூசை பண்றாங்க?” என்று கேளுங்கள், அரை மணி நேரத்துக்குப் பேச்சு ஓடும். தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். கொங்கு நாட்டில் புலிக்குத்திக் கல் என்பார்கள். உடன்கட்டை ஏறிய பெண்ணை ஓரிடத்தில் வீரமாத்தி என்றும், இன்னோரிடத்தில் தீப்பாய்ந்த அம்மன் என்றும் அழைப்பார்கள். தென்மாவட்டங்களில் மாலைக்கோயில் என்ற பெயர் காதில் விழும்.

என்ன பெயர், எந்த நாளில் பொங்கல், எந்தக் குடும்பத்துக்குக் குலசாமி, எந்தத் திசையிலிருந்து கள்ளர் வந்ததாகக் கதை, எல்லாவற்றையும் சொன்னவர் பேச்சிலேயே எழுதுங்கள். திருத்த வேண்டாம். ஊர்க்கதையும் கல்லில் உள்ளதும் ஒத்துப்போகாமல் இருப்பது சாதாரணம். கல்லில் மாடு மீட்டவன் இருப்பான், ஊரில் அவன் புலி கொன்றவனாக இருப்பான். ஊர் சொல்வது பொய் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடாதீர்கள். கல்லில் இருப்பது அன்றைய செய்தி. ஊர் சொல்வது அந்தச் செய்தியை அவர்கள் இத்தனை தலைமுறையாக எப்படிச் சுமந்தார்கள் என்பதன் செய்தி. நோட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் இருக்கட்டும்.

## படி 4: இது என்ன கல்?

எழுத்தே இல்லாவிட்டாலும் உருவத்தை வைத்து வகை சொல்லிவிடலாம். பழகிய கண்ணுக்கு இது வண்டியில் போகும்போதே பிடிபடும்.

நடுகல். பலகைபோலச் சீவிய கல்லில் ஒரு வீரன். ஒரு கையில் வில், மறு கையில் வாள் அல்லது குறுவாள். உடம்பில் அம்பு தைத்திருந்தால் அப்படித்தான் செத்தான் என்று பொருள். காலருகே மாடுகள் இருந்தால் ஆநிரைச் சண்டை. எதிரே புலி பாய்ந்தால் புலிக்குத்தி, பன்றி என்றால் பன்றிக்குத்தி. செங்கம் வட்டாரத்துக் கற்களில் காலடியில் ஒரு கெண்டியும் சிமிழும் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் மூன்று அடுக்குக் கற்கள் வரும். கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் வீரனைத் தூக்கிப் போகும் காட்சி, மேலே சிவலிங்கத்தின் முன் அவன் உட்கார்ந்திருப்பது. கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். அங்கே எழுத்து கன்னடமாகவும் இருக்கலாம்.

இந்த வழக்கத்தின் வயது நமக்குத் தலைசுற்ற வைப்பது. தொல்காப்பியம் கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வாழ்த்துவது வரை அதற்கு முறை வகுத்திருக்கிறது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அதில் ஒன்று கூடல் ஊரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்தவனுக்கானது. பிறகு புதுக்கோட்டை அருகே பொற்பனைக்கோட்டையிலும் தமிழி எழுத்தோடு ஒரு நடுகல் கிடைத்தது, அதுவும் ஆநிரைச் சண்டைதான்.

தனக்குக் கல் நடப்பட ஒருவன் அரசனாக இருக்க வேண்டியதில்லை. மனிதனாகக்கூட இருக்க வேண்டியதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு கல் உண்டு. மாட்டைக் காத்துச் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயும் அதில் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் இருந்தது என்று பெயர் சொல்லியே வெட்டியிருக்கிறார்கள். மகேந்திரவர்மன் காலத்து அமைச்சர்கள், தளபதிகள் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும் என்று யோசித்துப் பார்க்கலாம். நாயின் பெயர் தெரியும். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் இருப்பது சேவலுக்கான கல். எந்த ஊரின் எந்தச் சேரிக்காகச் சண்டை போட்டது என்பது வரை அதில் உண்டு.

சதிக்கல், நவகண்டக் கல். வீரனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் கையை உயர்த்தி நின்றால், அதிலும் வளையல் தெளிவாகத் தெரிந்தால், உடன்கட்டை. உயர்த்திய கை மட்டும் தனியாகச் செதுக்கிய கல்லும் உண்டு. ஒருவன் தன் கழுத்திலேயே வாளை வைத்து நின்றால் அது நவகண்டம், தன்னைத்தானே பலி கொடுத்தவன். இவற்றை வீரம், தியாகம் என்று மட்டும் எழுதிக் கடந்துவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெண்ணிடம் யார் சம்மதம் கேட்டார்கள் என்பது கல்லில் இல்லை. இருப்பதை அளந்து குறியுங்கள், இல்லாத பெருமையை நீங்கள் சேர்க்காதீர்கள்.

சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருக்கும். தலைச்சுமைக்காரர் இன்னொருவர் உதவியில்லாமல் பாரத்தை அப்படியே சரித்து இறக்கி வைத்து, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளும் உயரம். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நிறுத்துவது தமிழ்நாடு முழுக்க இருந்த வழக்கம். அவள் இறக்கி வைக்காமல் போன சுமையை வழிப்போக்கர்கள் இறக்கி வைக்கட்டும் என்ற எண்ணம். யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில் மடம், கேணி, ஆவுரோஞ்சிக்கல், சுமைதாங்கி நான்கையும் சேர்த்தே பார்க்கலாம். மனிதனுக்கு நிழல், மாட்டுக்குத் தண்ணீர், மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஒரு கல் என்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்.

சுமைதாங்கியில் எழுத்து இருந்தால் குறுக்குக் கல்லின் முகப்பில் இருக்கும். பெயிண்ட் அடித்து, கட்சி பெயர் எழுதி, போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். அதையும் மீறிப் பெரும்பாலும் யார் நினைவாக, யார் உபயம், எந்த வருடம் என்ற மூன்றும் தெரியும். அதில் இருப்பது நாம் இன்று படிக்கும் தமிழ் எழுத்தே என்பதால் புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் சுமைதாங்கியில் பழகுவதுதான் உத்தமம். எடுத்த எடுப்பில் பல்லவர் காலத்துக்கு ஓட வேண்டாம்.

பெருவழிக் கல். அரிதானது, கிடைத்தால் அதிர்ஷ்டம். தருமபுரிப் பக்கம் கண்டெடுத்த ஒரு கல் அதியமான் பெருவழியில் நாவல்தாவளத்துக்கு 29 காதம் (பழைய தூர அளவு) என்று சொல்கிறது. எழுத்துத் தெரியாதவருக்காக அதே தூரத்தைக் குழியாகவும் குடைந்திருக்கிறார்கள்: பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழி, ஒன்றுக்கு ஒன்றாக ஒன்பது சிறிய குழி. எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரனை ஒரு பயணியாக மதித்த இந்தக் குழிகளுக்கு அரசர் புகழ் பாடும் பல மெய்க்கீர்த்திகளை நான் ஈடு கொடுப்பேன். கோவை சுண்டக்காமுத்தூர் அருகே பாறையில் வெட்டிய ராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு, தமிழ் எழுத்திலும் பழைய வட்டெழுத்திலும் ஒரே செய்தியைச் சொல்வது. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் கரைக்குப் போன சாலையின் சாட்சி அது.

மைல்கல். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியிலும் பிறகும் நட்டவை. தூரத்தை ரோமன் எண்ணிலும் தமிழ் எண்ணிலும் வெட்டியவை பல ஊர்களில் கிடைத்திருக்கின்றன. ௰ பத்து, ௱ நூறு என்று தெரிந்தால் போதும், மற்றதை ஒப்பிட்டே படித்துவிடலாம். ௰௨ என்றால் 12. ஒரு மைல் 1.6 கிலோமீட்டர் என்பதால் கல்லில் சொன்ன ஊருக்கு இன்றைய வரைபடத்தில் தூரம் பாருங்கள். கணக்கு இடித்தால் ஒன்று பழைய பாதை வேறு, அல்லது கல்லை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள்.

நேற்றைய கற்கள். முதல் உலகப் போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லும் சிறு பளிங்குப் பலகைகள் பல ஊர்களில் உண்டு. எண்ணிக்கை மட்டும்தான், பெயர் கிடையாது. அதை எடுத்தனூர் நாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் குண்டு போட்டதற்கு ஒரு கல் இருக்கிறது. கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தில் இன்று நிற்கும் சிலை, நடிகர் சிவாஜி கணேசன் நிலம் வாங்கி வைத்தது. அதற்கு முன்பு அங்கே அடையாளமாக இருந்தது வழிப்போக்கர்கள் ஆளுக்கொன்றாகப் போட்டுச் சேர்ந்த கற்குவியல். அரசாங்கம் எதுவும் நடவில்லை என்றால் ஊர் இப்படித்தான் நட்டுக்கொள்ளும்.

## படி 5: பதிவு செய்யும் முறை

கைபேசியில் இருப்பிடத்தை முதலில் பதியுங்கள். அடுத்து தூரத்திலிருந்து ஒரு படம்: சாலை, மரம், பக்கத்துக் கட்டடம் எல்லாம் தெரிய வேண்டும். பலர் கல்லை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்துச் சாலை அகலமாகும்போது இடத்தைச் சொல்லப் போவது அந்தத் தூரத்துப் படம்தான். பிறகு நேர்முகம், இரண்டு பக்கவாட்டு, பின்புறம். அளவுநாடா படத்துக்குள் வரட்டும். தரைக்கு மேல் உயரம், அகலம், கனம், எந்தத் திசை பார்க்கிறது என்பதை எழுதுங்கள்.

தேய்ந்த எழுத்தைப் படமெடுக்க வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும். காலை ஏழு மணி, மாலை ஐந்து மணி வெயில் நன்றாக உதவும். உச்சி வெயிலென்றால் குடையால் நிழல் பிடித்து, டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் ஓரத்திலிருந்து அடியுங்கள். கண்ணுக்கே தெரியாத கீறல் எழுந்து நிற்கும். தண்ணீர் தெளித்தாலும் எழுத்துத் தெளியும். சுண்ணக்கட்டி தேய்ப்பதையும் மாவு பூசுவதையும் பழைய ஆட்கள் செய்வார்கள், நீங்கள் செய்ய வேண்டாம். டார்ச் போதும்.

ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷால் தட்டி, மை ஒற்றிப் படியெடுப்பது கல்வெட்டுத் துறையின் வேலை. பயிற்சி எடுத்தவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காமல் இறங்காதீர்கள். பூசையில் இருக்கும் கல்லில் எண்ணெயும் மஞ்சளும் ஏறிப்போயிருக்கும். அதைச் சுரண்ட உங்களுக்கு உரிமையில்லை. சாமிக்கு அபிஷேகம் எப்போது என்று பூசாரியிடம் கேட்டு அன்றைக்குப் போங்கள். கழுவியதும், மறுபடி எண்ணெய் பூசும் முன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

## படி 6: எழுத்துக்கு வருவோம்

பழைய கல்வெட்டில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்தின் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எ, ஏ வேறுபாடு காட்டமாட்டார்கள். ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் ஒவ்வொரு எழுத்தாக முட்டாமல், தெரிந்த வாய்பாட்டைத் தேடுவதே வழி.

நடுகல்லின் வாய்பாடு எளிது. அரசன் பெயர், அவனுடைய ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர், என்ன செய்து மாண்டான். பல்லவர் காலமென்றால் தொடக்கத்தில் கோவிசைய என்று வரும். யாண்டு என்ற சொல்லைப் பிடித்தால் அதைச் சுற்றி எண் கிடைக்கும். தொறு என்றால் மாட்டுமந்தை. கடைசியில் பட்டான் கல் என்று முடிந்தால் முழுச் செய்தியும் கையில் வந்துவிட்டது. வட்டெழுத்தில் இருந்தால் எழுத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பழக வேண்டும். அதுவரை நல்ல படம் எடுத்துத் தெரிந்தவருக்கு அனுப்புங்கள். ஊகித்து வாசித்ததை உறுதிபோல் வெளியிடாதீர்கள். ஒருமுறை பரவிய தவறான வாசிப்பைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

## படி 7: வருடக் கணக்கு

பிற்காலக் கற்களில் பல ஆண்டுமுறைகள் கலந்து வரும். சக ஆண்டோடு 78 கூட்டினால் கிறிஸ்து ஆண்டு. பசலியோடு 590. நெல்லை, குமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு வந்தால் 824 அல்லது 825. கலியாண்டிலிருந்து 3101 கழிக்க வேண்டும். ஆண்டு எந்த மாதம் பிறக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று கூடக் குறைய வரும்.

சிக்கல், பிரபவ முதலான அறுபது வருடப் பெயர் மட்டும் இருந்தால்தான். சித்திரபானு என்று ஒரு சுமைதாங்கி சொன்னால் அது 1942ஆக இருக்கலாம், 1882, 1822ஆகவும் இருக்கலாம். எழுத்தின் வடிவம், கல்லின் தேய்மானம், உபயகாரரின் பேரப்பிள்ளைகள் யார் என்ற விசாரணை, மூன்றையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர முடியும். ஊரில் முதலில் கேட்டு எழுதிய பக்கம் இங்கே கைகொடுக்கும்.

## படி 8: ஏற்கெனவே படித்துவிட்டார்களா?

“புதிய கண்டுபிடிப்பு” என்று பத்திரிகைக்குச் சொல்வதற்கு முன் இதைச் செய்யுங்கள். இந்தியத் தொல்லியல் துறை 1887 முதல் கல்வெட்டு ஆண்டறிக்கைகளும், 1890 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளும் வெளியிட்டு வருகிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமி பதிப்பில் ‘செங்கம் நடுகற்கள்’ நூலைக் கொண்டுவந்தது. மாவட்டவாரியாகவும் கல்வெட்டு நூல்கள் வந்திருக்கின்றன. தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழில் ஆண்டுதோறும் புதுக் கல்வெட்டுகள் வரும். ஊர்ப் பெயரை மட்டும் தேடிப் பார்த்தாலே பாதிக்கு மேல் விடை கிடைத்துவிடும். ஏற்கெனவே படித்த கல் என்றால் ஏமாற்றம் வேண்டாம். அன்று எழுதிய இடத்தில் கல் இன்று இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதும் வேலைதான், அதைச் செய்ய ஆள் குறைவு.

## படி 9: கல்லுக்கு ஆபத்து என்றால்

பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கு 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமும் உண்டு. ஆனால் அவை பட்டியலில் உள்ளவற்றுக்குத்தான் அரண். சாலையோரக் கற்களில் மிகப் பல அந்தப் பட்டியலில் இல்லை. மண்ணுக்கடியிலிருந்து ஏதாவது வெளிவந்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த சிற்பமும் கல்வெட்டும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், விற்றுக் கடத்த முடியாது. நல்ல எண்ணத்தோடுகூட வீட்டுக்கோ பள்ளிக்கோ கல்லைத் தூக்கிப் போய்விடாதீர்கள். எந்த எல்லையில் மாடு மீட்கப்பட்டது என்பது அது நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது.

சாலை அகலப்படுத்த அளவுக்கல் நட ஆரம்பித்ததுமே மனு எழுதுங்கள். ஜேசிபி வந்த பிறகு எழுதிப் பயனில்லை. சர்வே எண், இருப்பிடம், தூரத்துப் படம், அருகுப் படம், தெரிந்தால் வாசிப்பு, இவற்றோடு கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், மாவட்டத் தொல்லியல் அலுவலர், சாலைப் பொறியாளர் நால்வருக்கும் ஒரே மனுவைப் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கேட்பது குறிப்பாக இருக்கட்டும்: கல்லை இந்தச் சாலையின் இந்தப் பக்கத்திலேயே, இத்தனை அடி தள்ளி, அதே திசை பார்த்து மறுபடி நட வேண்டும். முடியாது என்ற பதில் வந்தால் மட்டும் அடுத்து அகழ்வைப்பகம். தருமபுரி அகழ்வைப்பகத்தில் பல நடுகற்கள் இப்படி வந்து சேர்ந்தவைதான். அங்கே ஒப்படைக்கும்போது உங்கள் நோட்டின் நகலையும் சேர்த்துக் கொடுத்து, பதிவேட்டில் பழைய இடத்தின் பெயரை எழுதுகிறார்களா என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.